அத்தியாயம் 6: அளந்து கேளுங்கள்

வீல்சேர் வீட்டுக்கு வந்ததும் அடுத்து வாங்க வேண்டியது ஓர் இஞ்ச் டேப். கொத்தனார் இடுப்பில் செருகியிருப்பாரே, அந்த இரும்பு டேப்தான். வானூரிலோ மரக்காணத்திலோ எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் பாதி வேலைக்கு அதுதான் கருவி. மீதிப் பாதிக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

நம் பக்கத்தில் நடமாட்டம் குறைந்தவர்கள் பல வழியில் அந்த நிலைக்கு வந்தவர்கள். பனையேறி விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் மோதியவர், பக்கவாதம் வந்தவர், சர்க்கரையில் காலை எடுத்தவர், சிறுவயதில் போலியோ கண்டவர், வெறுமனே வயதானவர். காரணம் எதுவானாலும் எதிரே நிற்கும் வாசற்படி ஒன்றுதான். உடம்பை மருத்துவமனை ஓரளவுக்குத்தான் திருப்பித் தரும். வாசற்படியை ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் இரண்டு நாளில் மாற்றிவிடலாம். அதனால் வாசலில் தொடங்குவோம்.

வாசலும் வழியும்

சாய்தளத்துக்கு ஒரே ஒரு கணக்குதான். ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். ஆறு அங்குலப் படி ஒன்று இருந்தால் ஆறடிச் சாய்தளம். ஒன்றரை அடி உயரத் திண்ணை என்றால் பதினெட்டு அடி வேண்டும். அவ்வளவு இடம் வாசலில் இருக்காது, சுவரை ஒட்டி மடக்கிக் கொண்டுவர வேண்டியிருக்கும். மடக்கும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்டி திரும்பாது. அகலம் நான்கடி. இரண்டு ஓரத்திலும் மூன்று அங்குலமாவது உயர்த்தி விளிம்பு கட்டச் சொல்லுங்கள், சக்கரம் நழுவி வெளியே போகாது.

கொத்தனார் ஒப்புக்கொள்ள மாட்டார். “இவ்ளோ நீளம் எதுக்குண்ணே, நாலடியில முடிச்சிடலாம்” என்பார். மேலே தள்ளிவிட ஆள் இருக்கும்வரை நாலடியும் போதும்தான். தள்ளுகிற ஆள் உப்பளத்துக்குப் போன பிறகு நீங்கள் தனியாக வெளியே போக வேண்டும் என்றால் ஆறடிதான் வேண்டும். சிமெண்டை வழவழவென்று பூசவிடாதீர்கள். ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் போதும். கடற்காற்றின் ஈரத்தில் காலையில் தரை நசநசவென்று இருக்கும் ஊர் இது.

கதவு மூன்றடி திறக்க வேண்டும். வாசல் கதவைவிட முக்கியம் கழிப்பறைக் கதவு. அரசுத் திட்டங்களில் கட்டிய பல கழிப்பறைகளில் அது இரண்டரை அடிக்கும் குறைவு, உள்பக்கம் வேறு திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். கீலைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டுவது அரை நாள் வேலை. உட்காரும் உயரம் ஒன்றரை அடி இருந்தால் வீல்சேரிலிருந்து நகர்ந்து உட்காரச் சுலபம். பக்கத்துச் சுவரில் ஒரு ஜி.ஐ. பைப்பைக் கைப்பிடியாகப் பதியுங்கள். துண்டு மாட்டும் கம்பி ஆள் எடையைத் தாங்காது.

பெண்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கழிப்பறை கஷ்டம் என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். நடமாட்டம் குறைந்த பெண் அதை இரண்டு மடங்கு செய்வார், அடுத்தவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று. அதன் விலை சிறுநீர்த் தொற்று. முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அது சிறுநீரகம் வரை போகும். வீட்டில் செலவு செய்ய ஒரே இடத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், சாய்தளத்தையும் தள்ளிவைத்துவிட்டுக் கழிப்பறையில் செலவழியுங்கள்.

உப்புக் காற்றில் ஒரு வண்டி

கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில் பல வருடம் உழைக்கும் வீல்சேர் இங்கே அவ்வளவு காலம் தாங்காது. உப்புக் காற்று முதலில் பிரேக் நெம்புகோலையும் அச்சையும் ஆரக்கால்களையும் தின்னும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முழுவதும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். குழாயால் பீய்ச்சி அடித்தால் பேரிங்குக்குள் தண்ணீர் போய் வேலை இன்னும் கெடும். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்களின் அச்சில் மணலும் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றி எடுத்துவிட்டு கிரீஸ் வையுங்கள்.

சாதாரண வீல்சேரின் பின்சக்கரம் இருபத்து நான்கு அங்குலம். ஊர் சைக்கிள் கடைக்காரருக்கு அது புதிதில்லை, டியூபும் ஆரமும் அவரே மாற்றித் தருவார். அவரோடு பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது. பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: பெரும்பாலான வண்டிகளில் பிரேக் டயரின் மேல் அழுந்தித்தான் பிடிக்கிறது. காற்று குறைந்தால் பிரேக்கும் போச்சு. கட்டிலுக்கு மாறும்போது வண்டி நழுவிப் பின்னால் ஓடினால் முதலில் காற்றைப் பாருங்கள்.

கடற்கரை மணலிலும் உப்பளக் கரையிலும் முன்சக்கரம் புதையும். முன்னோக்கித் தள்ளவே கூடாது. வண்டியைத் திருப்பி, முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கி, பின்னோக்கி இழுக்கச் சொல்லுங்கள். பாத்திகளுக்கு நடுவே போகும் வரப்பில் வண்டி போகாது, அதற்கு முயலவும் வேண்டாம். லாரி வந்து நிற்கிற அம்பாரம் வரை வண்டிப் பாதை உண்டு. எடைபோடுவது, மூட்டைக் கணக்கு, பாக்கெட் போடுவது என்று உட்கார்ந்து செய்யும் வேலைகள் அங்கேதான் இருக்கின்றன.

கைத்தடி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. தடி பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். பலர் அதே பக்கம் பிடித்து நடக்கிறார்கள். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள்.

தோலும் வெயிலும்

காலில் உணர்ச்சி இல்லாதவருக்கு இந்த ஊர்ச் சித்திரை வெயில் வேறு ஒரு விதத்தில் ஆபத்து. சிமெண்டுத் திண்ணை, வெயிலில் நின்ற ஸ்கூட்டர் சீட், மடியில் வைத்த டீ டம்ளர், இவற்றில் எது சுட்டாலும் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்போம். உட்காரும் இடத்தில் முதலில் கையை வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மார்புக்கு மேலே முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு தானாகக் குளிராது. மதிய வேளையில் கழுத்திலும் கையிலும் ஈரத்துணி, தண்ணீர் தெளிக்க ஒரு ஸ்பிரே பாட்டில், நிழல். தலை சுற்றல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அழுத்தப் புண்தான் பெரிய எதிரி. பிட்டத்து எலும்பு, வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் இந்த இடங்களைக் காலையும் இரவும் பாருங்கள். தனியாக இருப்பவர் ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். சிவந்த தடம் இருந்து, அந்த இடத்திலிருந்து பாரத்தை எடுத்து அரை மணி ஆகியும் மறையவில்லை என்றால் அந்தப் புண் தொடங்கிவிட்டது. அது மறையும்வரை அந்த இடத்தின்மேல் உட்காரவோ படுக்கவோ கூடாது. கூலி போகும், கல்யாணத்துக்குப் போக முடியாது, எதுவானாலும் சரி. ஒரு வாரம் படுத்தால் ஆறுவதை ஒத்திப்போட்டால் மாதக் கணக்கில் படுக்க வேண்டி வரும்.

உட்கார்ந்திருக்கும்போது அரை மணிக்கு ஒருமுறையாவது முன்னால் நன்றாகக் குனிந்தோ, பக்கவாட்டில் சாய்ந்தோ, கையூன்றி எழும்பியோ ஒன்றிரண்டு நிமிடம் பாரத்தை மாற்றுங்கள். படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரள வேண்டும். நல்ல ஃபோம் மெத்தை நான்கு அங்குலம் கனம் இருக்கட்டும். காற்றடைத்த டியூபை வளையமாகப் போட்டு அதன் நடுவில் உட்காரும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நல்லதென்று நினைத்துத்தான் செய்கிறார்கள். வளையம் சுற்றிலும் இரத்த ஓட்டத்தை நெரித்து நடுப்பகுதியைப் பட்டினி போடுகிறது. தூக்கி எறியுங்கள்.

சிகிச்சைக்கு எங்கே போவது? கோரிமேட்டு ஜிப்மரும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்குத் தெரிந்தவை. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. பல குறைபாடுகள் சேர்ந்தவர்களுக்கென மத்திய அரசின் தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில், நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வடக்கே இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே வரவே முடியாதவருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். அவர்களாக வந்து கேட்பார்கள் என்று இருக்காதீர்கள்.

முதுகுத்தண்டு மறுவாழ்வு என்றாலே வேலூர் சி.எம்.சி. நினைவுக்கு வருவதற்கு ஒரு பெண் காரணம். டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். நின்று செய்யும் அறுவைச் சிகிச்சை இனி முடியாது என்றானது. தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்று கண்டு, வீல்சேரில் இருந்தபடி அதைச் செய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966இல் வேலூரில் திறந்த மறுவாழ்வு மையத்தை நடத்தினார். அவர் கதையைத் தியாகக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பிடித்தது அந்தத் தொழில் புத்தி. மேசை உயரம் பொருந்தும் வேலை எது என்று தேடினார் பாருங்கள், அது.

காகிதம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் மட்டும் சிக்கி ஓய்ந்துபோகிறவர்கள் அதிகம். முதலில் மருத்துவக் குழுவின் சான்று. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான உரிமைகள் திறக்கும். கூடவே தேசிய அடையாள அட்டை, யு.டி.ஐ.டி. என்பார்கள், இ-சேவை மையத்தில் பதியலாம். அந்த அட்டை இந்தியா முழுவதும் செல்லும்.

பணம் வேறு கதை. வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். எழுபத்தைந்து சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்பதால் எந்த வாசலில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு நில்லுங்கள். அரசு டவுன் பஸ்ஸில் 2021 முதல் உங்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை.

வானூர்க்காரருக்கே உரிய குழப்பம் எல்லைதான். காலாப்பட்டு புதுச்சேரி, அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. வைத்தியம் ஜிப்மரில், வேலை புதுச்சேரியில், ரேஷன் கார்டு விழுப்புரம் மாவட்டத்தில். உதவித்தொகை ரேஷன் கார்டும் முகவரியும் இருக்கும் பக்கம்தான். அந்தப் பக்கம் அதிகம் தருகிறார்கள் என்று மச்சான் வீட்டு முகவரியில் மாற்றிக்கொள்ளச் சொல்லும் தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடும்.

கேட்பது எப்படி

இப்போது டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வாருங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுமக்கள் வரும் கட்டிடங்கள் எல்லோரும் ஏறிவரக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது அது. பழைய கட்டிடங்களை மாற்ற, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டு கெடு கொடுத்தது. அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ராஜீவ் ரத்தூரி என்ற பார்வைக் குறைபாடு உள்ளவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. அணுகல் வசதிக்கான அளவுகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்ச விதிகளை வகுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆக, நீங்கள் கேட்பது தயவு இல்லை. ஆனால் மனுவில் சட்டப் பிரிவை மட்டும் எழுதினால் அது கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும். அங்குலத்தை எழுதினால் அதிகாரி எழுந்து வந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, அஞ்சலகம், வங்கி, பேருந்து நிறுத்தம். ஒவ்வொன்றின் படி உயரம், சாய்தளம் இருந்தால் அதன் நீளம், கதவு அகலம், கழிப்பறை உண்டா இல்லையா என்று நோட்டில் எழுதுங்கள். டேப் தெரியும்படி ஒரு போட்டோ. பல இடங்களில் சாய்தளம் இருக்கும், தேர்தலுக்காக அவசரமாகப் போட்டது. அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மரக்காணம் பேரூராட்சி, கோட்டக்குப்பம் நகராட்சி, அங்கே வார்டு வழியாகப் போக வேண்டும். சபையில் பேச்சு இப்படிப் போகலாம்:

“தலைவரே, நம்ம ஆபீஸ் வாசல்ல ரெண்டு படி. சேர்த்து பதினாலு இஞ்ச் உசரம். சாய்தளம் அஞ்சடிதான் போட்டிருக்கு. பதினாலடி வேணும்.”

“அதான் சாய்தளம் இருக்குதேப்பா.”

“இருக்குது தலைவரே. யாராச்சும் இந்த வீல்சேர்ல உக்காந்து தனியா ஏறிக் காட்டட்டும், நான் இத விட்டுடறேன்.”

கோபமில்லாமல் சொல்லுங்கள். யாராவது ஓர் இளைஞர் உட்கார்ந்து பார்ப்பார், பாதியில் பின்னால் சாயும், ஆட்கள் ஓடிவந்து பிடிப்பார்கள். அதன் பிறகு விளக்கம் தேவைப்படாது. ஆனால் சிரிப்போடு கூட்டம் கலைந்துவிட விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா, என்ன வார்த்தையில் ஏறியது என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். “பரிசீலிக்கப்படும்” என்று இருந்தால் நீளத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

அங்கே நடக்கவில்லை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், அதன் பிறகு விழுப்புரத்தில் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் நாள். முதல்வரின் முகவரி எண் 1100. மனு எண் இல்லாமல் எங்கிருந்தும் திரும்பாதீர்கள். அதற்கு மேலும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையோடு மூன்று கேள்விகள்: அந்தச் சாய்தளம் எந்த ஆண்டு போடப்பட்டது, செலவு எவ்வளவு, ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் நீளம் எவ்வளவு. பதிலுக்கு முப்பது நாள் கெடு. மூன்றாவது கேள்வியில்தான் கோளாறு தெரியும், வரைபடத்தில் ஒன்று, தரையில் வேறொன்று. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு விசாரணையில் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு, கடைசிப் படி அது.

ஒற்றை ஆளாக இதைச் செய்தால் ஓய்ந்துபோவீர்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், தலையில் சுமையோடு வரும் உப்பளத் தொழிலாளர்கள், எல்லோருக்கும் அந்தப் படி இடைஞ்சல்தான். அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். தமிழ்நாட்டில் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க 2025இல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. உங்கள் ஊராட்சியில் அந்த இடத்துக்கு யார் என்பதை விசாரித்துவையுங்கள். தலைவரின் உறவுக்காரர் ஒருவர் பெயருக்கு உட்கார்ந்துவிடும் வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது.

வாங்கியதைக் காப்பாற்றுவதும் ஒரு வேலை. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டு கேட்டுக் கேட்டு, 2022 நவம்பர் 27 அன்று கடல் வரை மரப்பாதை திறந்தார்கள். வீல்சேரில் இருந்த பலர் வாழ்நாளில் முதல்முறையாக அலைக்குப் பக்கத்தில் போனார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப்போட்டது. பழுதுபார்த்து மறுபடி திறந்தார்கள். நம் கடற்கரையில் இதுபோல் ஒன்றைக் கேட்கும்போது கட்டும் செலவோடு பராமரிப்புச் செலவையும் சேர்த்தே கேளுங்கள்.

புயலுக்கு முன்னால்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி நகராமல் நின்றது. ஒரே நாளில் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. அப்படி ஓர் இரவில் இடுப்பளவுத் தண்ணீரில் உங்களைத் தூக்கிக்கொண்டு போக யாராவது வர வேண்டும் என்றால், நீங்கள் இருக்கும் வீடு அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது 2016 சட்டத்தின் எட்டாவது பிரிவு. ஐப்பசி பிறப்பதற்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், “சார், லிஸ்ட்ல என் பேரு இருக்குதா?” என்று கேளுங்கள். லிஸ்டே இல்லை என்றால் அதையே மனுவாக எழுதுங்கள்.

பாதுகாப்பு மையத்தையும் இப்போதே போய்ப் பாருங்கள், டேப்போடு. கடலோரத்தில் கட்டியிருக்கும் பல்நோக்கு மையங்கள் தண்ணீர் ஏறாத உயரத்தில் தூண்மேல் நிற்கும். தண்ணீர் ஏறாத உயரம் என்றால் வீல்சேரும் சும்மா ஏறாது. சாய்தளம் உண்டா, மேல்தளத்தில் கழிப்பறை உண்டா, அதன் கதவு மூன்றடியா, சாவி யாரிடம் இருக்கிறது, இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும். பத்து நாள் மாத்திரை, கதீட்டர் போடுபவர் என்றால் அதுவும் சோப்பும், வீல்சேர் டியூப் ஒன்று, சின்னக் காற்றுப் பம்ப், அடையாள அட்டை நகல் பிளாஸ்டிக் உறையில், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். மெத்தையை மறந்துவிடுவார்கள், மையத்தின் வெறும் தரையில் இரண்டு இரவு கிடந்தால் புண் வந்துவிடும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. உங்களைத் தூக்கப்போகும் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரை அழைத்து, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது, வண்டியை எப்படி மடக்குவது என்று வெயில் காலத்திலேயே ஒருமுறை செய்துபார்த்துவிடுங்கள்.